சங்கிலியின் நடுவில் வெப்பநிலை சரியவே மாட்டேன் என்கிறது: புரோகிராம் தப்பா?

சுருள்வில் (பாலக்கோடு)

வணக்கம். தர்மபுரியில் எம்.எஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்கு ஃபூரியர் விதியை எடுத்திருக்கிறேன். கம்பியைச் சூடு பண்ணி அளக்கிற வேலை இல்லை. அணுக்களையும் நியூட்டன் விதியையும் மட்டும் வைத்துக்கொண்டு, வெப்ப ஓட்டம் வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதைக் கணினியில் வரவழைக்க முடியுமா என்று பார்ப்பது.

ஒரே வரிசையில் 100 அணுக்கள். அடுத்தடுத்த அணுக்களுக்கு நடுவில் ஸ்பிரிங். நிறை 1, ஸ்பிரிங் மாறிலி 1, போல்ட்ஸ்மன் மாறிலியும் 1. இரண்டு முனையும் சுவரில் கட்டியிருக்கிறது. இடது ஓர அணுவுக்கு வெப்பநிலை 2 உள்ள லாஞ்சவின் ஹீட் பாத் (வெப்பத் தேக்கம்), வலது ஓர அணுவுக்கு 1. அந்த இரண்டுக்கு மட்டும்தான் உராய்வும் தற்செயல் உதையும். நடுவில் இருப்பவை தம் பாட்டுக்கு ஆடுகின்றன. ஒவ்வொரு அணுவின் வேக வர்க்கத்துக்கும் நீண்ட நேரச் சராசரி எடுத்து, அதை அந்த இடத்து வெப்பநிலை என்று வைக்கிறேன்.

2-ல் தொடங்கி 1 வரை நேர்கோடாக இறங்கும் என்று நினைத்தேன். ஓரத்தை விட்டதும் 1.5-க்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து வலது ஓரம் வரை அதே 1.5. இன்னொரு விசித்திரம், சூடான ஓரத்தை ஒட்டி உள்ளே இருக்கும் அணுக்கள் 1.5-க்குக் கொஞ்சம் கீழே, குளிர்ந்த ஓரத்தை ஒட்டி இருப்பவை கொஞ்சம் மேலே. தலைகீழாக இருக்கிறது. அணுக்களை 200 ஆக்கினால் வெப்ப ஓட்டம் பாதியாகக் குறைய வேண்டும் அல்லவா? அசையவே இல்லை.

கைடு படத்தைப் பார்த்துவிட்டு, "புரோகிராமில் பிழை இருக்கிறது, நேர்கோடு வந்த பிறகு வா" என்று சொல்லிவிட்டார். வரி வரியாகப் பார்த்துவிட்டேன், எதுவும் சிக்கவில்லை. யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஓய்வு வாத்தியார் (கிருஷ்ணகிரி)

புரோகிராமில் கை வைக்க வேண்டாம் மா. அது சரியாகத்தான் ஓடுகிறது.

உங்களுக்கு வந்திருப்பது 1967-இல் ரீடர், லெபோவிட்ஸ், லீப் மூவரும் கணினி இல்லாமல் கணக்குப் போட்டே கண்ட விடை. நடுவில் மட்டமான கோடு. அதன் உயரம் இரண்டு ஹீட் பாத்தின் சராசரி. வெப்ப ஓட்டம் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைச் சட்டையே செய்யாது. சூட்டுப் பக்கம் சின்னப் பள்ளம், குளிர்ப் பக்கம் சின்ன மேடு என்று நீங்கள் பார்த்ததும் அதே கணக்கில் இருக்கிறது. பிழையான புரோகிராம் சராசரியைத் தற்செயலாகக் கொடுத்துவிடலாம், இந்தத் தலைகீழ் மேட்டையும் பள்ளத்தையும் கொடுக்காது. கைடிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

அவர் அப்போதும் நம்பவில்லை என்றால், இரண்டு ஹீட் பாத்துக்கும் 1.5 கொடுத்து ஓட்டுங்கள். எல்லா அணுவும் 1.5 காட்ட வேண்டும், ஓட்டம் பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாட வேண்டும். அப்புறம் காலப்படியைப் பாதியாக்குங்கள். தற்செயல் விசையை எழுதும்போது காலப்படியின் வர்க்கமூலத்தால் வகுக்க மறந்திருந்தால் வெப்பநிலை உடனே மாறிவிடும். பெரும்பாலானவர்கள் வழுக்குவது அங்கேதான்.

இனி ஏன் என்ற கதைக்கு வருவோம். ஸ்பிரிங்கின் விசை இழுப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும் வரை, உங்கள் 100 அணுக்களும் உண்மையில் ஒன்றோடொன்று பேசாத 100 அலைகள். ஒரு அலை இன்னொன்றுக்குத் துளி ஆற்றல் கொடுக்காது. ஃபோனான், அதாவது அதிர்வலையின் ஆற்றல் துணுக்கு, ஒரு முனையில் ஏறினால் மறுமுனை வரை போகும், வழியில் அதை மறிக்க யாரும் இல்லை. சேலத்தில் கிளம்பி பெங்களூரு போகும் பைபாஸ் ரைடரும், எதிரே அங்கிருந்து சேலம் வரும் பைபாஸ் ரைடரும் மட்டுமே ரோட்டில் ஓடுகின்றன என்று வையுங்கள். தொப்பூரில் நின்று எண்ணினாலும் சூளகிரியில் நின்று எண்ணினாலும் பாதிப் பேர் சேலத்தில் ஏறியவர்கள், பாதிப் பேர் பெங்களூரில் ஏறியவர்கள். இடத்துக்கு இடம் கலவை மாறாது. தர்மபுரியில் இறங்கி, காவேரிப்பட்டணத்தில் ஏறி, பாதி வழியில் திரும்பியும் போகிற டவுன் பஸ் கூட்டமாக இருந்தால்தான் சேலத்து ஆட்கள் வடக்கே போகப் போகக் குறைவார்கள். உங்கள் சங்கிலியில் டவுன் பஸ்ஸே கிடையாது.

புராஜெக்டுக்கு நிஜமான சரக்கு இதைவிட ஒரு படி உள்ளே இருக்கிறது. ஸ்டாட் மெக் (புள்ளியியல் இயக்கவியல்) பாடத்தில் பார்ட்டிஷன் ஃபங்ஷனை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சமநிலையில் ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் போல்ட்ஸ்மன் எடையில் இடமும் வேகமும் தனித்தனிக் காரணிகளாகப் பிரிந்துவிடும், ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. வெப்ப ஓட்டம் என்பதோ ஒரு ஸ்பிரிங்கின் விசையையும் அதன் முனையில் உள்ள அணுவின் வேகத்தையும் பெருக்கி எடுத்த சராசரி. இடமும் வேகமும் தொடர்பில்லாதவை என்றால் அந்தச் சராசரி பூஜ்யம். ஆக, வெப்பம் ஓடுகிறது என்றாலே போல்ட்ஸ்மன் எடை செல்லாது. ஒரு அணு எங்கே இருக்கிறது என்பதற்கும் பக்கத்து அணு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கும் சின்னதாக ஓர் ஒட்டுறவு இருந்தே தீர வேண்டும். ரீடர் முதலானவர்கள் கண்ட விடையிலும் பரவல் மணி வடிவமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஒட்டுறவு உறுப்புகள் அணியில் பூஜ்யமாக இல்லை. உங்கள் புரோகிராமில் அந்தப் பெருக்கல் சராசரியை எல்லா ஜோடிக்கும் எடுத்து ஒரு சதுரப் படமாக வரையுங்கள். சமநிலையில் வெறும் வெள்ளையாக இருக்கும் படம், இரண்டு முனையிலும் வேறு வேறு வெப்பநிலை வைத்ததும் மூலைவிட்டத்தை ஒட்டிக் கோடு போடும். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எனக்குப் பிடித்த படம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த 1.5-ஐ வெப்பநிலை என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் சத்தியம் பண்ண வேண்டாம். ஒற்றை அணுவை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வலப்பக்கம் போகும் அலை, இடப்பக்கம் போகும் அலை என்று பிரித்துப் பார்த்தால் முதல் வகையில் ஆற்றல் கூடுதல், இரண்டாம் வகையில் குறைவு. உள்ளூர்ச் சமநிலை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற சங்கதி இங்கே இல்லவே இல்லை.

ஓசூர் வாசி

வாத்தியார் சார் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. அடுத்து நீங்கள், "ஃபோனானை மறிக்க ஆள் இல்லை, அவ்வளவுதானே, நிறைகளை ஏறுமாறாகப் போட்டுவிடுகிறேன்" என்று கிளம்புவீர்கள். எல்லாரும் கிளம்புவோம். ஸ்பிரிங் நேர்விகித ஸ்பிரிங்காகவே இருந்து நிறை மட்டும் தாறுமாறாக இருந்தால் அதிர்வெண் கூடிய அலைகள் ஆங்காங்கே சிறைப்பட்டுவிடும். வெப்பத்தைச் சுமப்பது நீண்ட அலைகள் மட்டும்தான். அப்போது முனைகளை எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. உங்கள் மாதிரி லாஞ்சவின் ஹீட் பாத்தும் சுவரில் கட்டிய முனையும் என்றால் வெப்ப ஓட்டம் நீளத்தின் மைனஸ் 3/2 அடுக்காகக் குறையும். சுவரை அவிழ்த்துவிட்டு, ஹீட் பாத்தையே ஒழுங்கான ஒரு நீண்ட சங்கிலியாக வைத்தால் மைனஸ் 1/2 அடுக்கு. கடத்துதிறன் ஒன்றில் பூஜ்யத்துக்குப் போகும், மற்றொன்றில் முடிவிலிக்கு. ஃபூரியர் இரண்டிலும் இல்லை. பெங்களூரில் இருக்கும் அபிஷேக் தர் 2001-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2008-இல் இந்தத் துறை முழுவதையும் சேர்த்து அவர் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரை இருக்கிறது, எம்.எஸ்சி மாணவிக்குப் படிக்கக் கூடியதுதான்.

சுருள்வில்

ரொம்ப நன்றி சார். நன்றி ஓசூர் அண்ணா. இரண்டு முனைக்கும் 1.5 வைத்த சோதனை சரியாக வந்தது. அந்தச் சதுரப் படமும் வந்துவிட்டது, மூலைவிட்டத்தின் இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய கோடு, ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். கைடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, ஆனால் கப்பா எங்கே?" என்றார்.

கப்பா, அதாவது வெப்பக் கடத்துதிறன், வேண்டுமே என்று ஸ்பிரிங்கின் ஆற்றலில் இழுப்பின் மூன்றாம் அடுக்கும் நான்காம் அடுக்கும் சேர்த்தேன். இப்போது கோடு சரிகிறது! ஆனால் இரண்டு ஓரத்திலும் வளைந்து நிற்கிறது, நேர்கோடு இல்லை. அதைவிடத் தொல்லை, 128, 256, 512 என்று அணுக்களைக் கூட்டி, ஓட்டத்தை நீளத்தால் பெருக்கி வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால் ஒரே எண் வர வேண்டுமே, அது ஏறிக்கொண்டே போகிறது. 1024-க்குப் போகலாம் என்றால், பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப்தான் கையில் இருக்கிறது. ராத்திரி முழுக்க விசிறி இரைகிறது, அம்மா வந்து அணைத்துவிட்டுப் போகிறார்.

கல் பாலிஷ் (பர்கூர் ரோடு)

நான் படித்தது டிப்ளமோ, கிரானைட் யூனிட்டில் வேலை. நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். எங்களிடம் ஃபிளேம் ஃபினிஷ் போடுகிற கல் வரும். 20 எம்எம் ஸ்லாப்பில் தண்ணீர் தெளித்து டார்ச்சை மெதுவாக இழுத்துக்கொண்டே போவோம். மேல்தோல் படபடவென்று செதில் செதிலாகத் தெறிக்கும். டார்ச் கடந்து போன உடனே அடிப்பக்கம் கை வைத்தால் சும்மா வெதுவெதுப்புக்கூட இருக்காது. சூடு கீழே வர நேரம் ஆகும். இங்கே என்னவென்றால், சூடு ஒரு முனையில் ஏறினால் நிற்காமல் மறுமுனைக்குப் போய்விடும், கோடு சரியாது என்கிறீர்கள். அப்படி ஒரு கல்லை நான் பார்த்ததே இல்லை. இது கம்ப்யூட்டரில் மட்டும் நடக்கிற கதையா? தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வு வாத்தியார்

தம்பி, கேள்வி அருமை. முதலில் அதையே பார்த்துவிடுவோம்.

கல்லுக்குள் அதிர்வு போகும் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 5 கிலோமீட்டர். உங்கள் 20 எம்எம் ஸ்லாப்பை ஃபோனான் எங்கேயும் மோதாமல் கடந்தால் ஒரு நொடியில் 10 லட்சத்தில் 4 பங்கு நேரம் போதும். நீங்கள் கை வைத்துப் பார்ப்பதோ நிமிடக் கணக்கு. கிரானைட்டின் வெப்பப் பரவல் எண்ணை வைத்துப் போட்டால் 2, 3 நிமிடம் என்ற அளவில்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் கோடிக்கணக்கான மடங்கு. மோதி, திரும்பி, மறுபடி மோதி, ஃபோனான் தடுமாறித் தடுமாறிப் போவதுதான் அந்த வித்தியாசம் முழுவதும். தடுமாறிப் போகிறதா என்று உங்கள் யூனிட்டிலேயே பார்க்கலாம்: 40 எம்எம் கல்லில் அடிப்பக்கம் சூடாக இரண்டு மடங்கு நேரம் ஆகாது, நான்கு மடங்கு ஆகும்.

கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று பல கனிமங்கள், மணிக்கு மணி எல்லை. ஃபோனானுக்கு எங்கே திரும்பினாலும் முட்டுக்கட்டை. அதனால்தான் கடத்துதிறன் 3 வாட் பக்கத்தில் நிற்கிறது, மீட்டருக்கு, கெல்வினுக்கு. ஒரே கார்பனால் ஆன சுத்தமான வைரத்தில் அது 2000-ஐத் தாண்டும், அங்கேயும் சுமப்பது அதே ஃபோனான்தான். மேல்தோல் தெறிப்பதற்கும் கல்லின் இந்தக் கஞ்சத்தனமே காரணம்: சூடு உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே குவிகிறது, குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வடிவம் மாறி உப்புகிறது, அடியில் குளிர்ந்து கிடக்கும் கல் இடம் கொடுக்காது. தோல்தான் பிய்ந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டருக்கு வெளியேயும் ஃபூரியர் விதி தவறுகிறதா என்றால், தவறுகிறது. 2008-இல் பெர்க்லியில் நானோ குழாய்களில் அளந்தபோது நீளம் கூடக் கூடக் கடத்துதிறனும் கூடியது. மெலிந்த, ஏறக்குறைய ஒற்றைப் பரிமாணச் சரக்கு அது. இந்தப் பெண்ணின் சங்கிலிக்கு ஒன்றுவிட்ட உறவு.

இனி உங்கள் கப்பா, மா. அது ஏறத்தான் செய்யும்.

நீங்கள் சேர்த்த மூன்றாம், நான்காம் அடுக்கு ஸ்பிரிங்குகளுக்குப் பெரிய பரம்பரை உண்டு. ஃபெர்மி, பாஸ்தா, உலாம் மூவரும் லாஸ் அலமாஸில் மேனியாக் கணினியில் இதே மாதிரிச் சங்கிலியை ஓட்டினார்கள். புரோகிராம் எழுதியவர் மேரி சிங்கு. அறிக்கை 1955-இல் வந்தது, அதைப் பார்க்க ஃபெர்மி இல்லை. ஓர் அலையில் போட்ட ஆற்றல் எல்லா அலைக்கும் பங்காகப் போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள், அது சுற்றிவிட்டுப் பெரும்பாலும் பழைய அலைக்கே திரும்பி வந்தது. அப்போது அவர்கள் ஹீட் பாத் எதையும் மாட்டவில்லை. ஹீட் பாத் மாட்டி, நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், கப்பா நிற்காமல் ஏறுகிறது என்று 1997-இல் காட்டியவர்கள் லெப்ரி, லிவி, பொலிட்டி. எப்படி ஏறும் என்று 2002-இல் ஒனுத்தம் நாராயணும் ஸ்ரீராம் ராமசாமியும் விடை சொன்னார்கள்: நீளத்தின் கனமூலமாக. ராமசாமி இருப்பது பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யில், கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம்.

அந்தக் கனமூலம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கையால் போட்டுப் பார்க்கலாம். கிரீன்–கூபோ சூத்திரப்படி, சமநிலையில் தானாக எழும் ஓட்டத்தின் ஆட்டம், தன்னை எவ்வளவு நேரம் நினைவு வைத்திருக்கிறது என்று தொகையிட்டால் கப்பா கிடைக்கும். நினைவு சீக்கிரம் அழிந்தால் தொகை ஓர் எண்ணில் நிற்கும். உந்தம் அழியாத ஒற்றை வரிசையில் அது நேரத்தின் மைனஸ் 2/3 அடுக்காக மட்டுமே தேய்கிறது, தொகை நிற்காது. ஒலி சங்கிலியைக் கடக்கும் நேரத்தில் தொகையை வெட்டினால் நீளத்தின் கனமூலம் தன்னால் விழும். இரண்டு பரிமாணத்தில் லாகரிதம் அளவுக்கு ஏறும், மூன்றில் நிற்கும். தம்பியின் கல் மூன்று பரிமாணம் என்பதால் தப்பித்தது.

குற்றவாளி யார் என்றால் மிக நீண்ட அலைகள். சங்கிலி முழுவதையும் ஒன்றாக ஒரு பக்கம் நகர்த்த எந்த ஆற்றலும் செலவில்லை. அதனால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் மகா நீள அலைகளும் கிட்டத்தட்ட எதிலும் சிதறாமல் நழுவிவிடுகின்றன. அவற்றை மடக்க வேண்டுமானால் ஒவ்வொரு அணுவையும் அதனதன் இடத்தில் கட்டிப்போடுங்கள், அதாவது அணுவுக்கு அணு தனியாக ஒரு நான்காம் அடுக்கு ஆற்றல். நேர்விகித ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு இரண்டாம் அடுக்கில் கட்டினால் போதாது, பைபாஸ் ரைடர் கதையே திரும்பி வரும். நான்காம் அடுக்கில் கட்டி, அணுக்களுக்கு நடுவே பழைய நேர்விகித ஸ்பிரிங்கையே விட்டாலும் கப்பா நிலைக்கும். உந்தம் காக்கப்பட்டால் கப்பா ஏறும் என்று இதைச் சூத்திரமாக மனப்பாடம் பண்ணிவிட வேண்டாம். சுழலும் ஊசிகளின் சங்கிலியில் உந்தம் காக்கப்பட்டும் கப்பா நிலைக்கிறது என்று 2000-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. பேராசிரியர்கள் கூடும் இடத்தில் அதைப் பற்றிக் கேட்டால் இப்போதும் குரல் உயரும்.

கைடுக்கு ஒரு தகவலும் சொல்லுங்கள், மரியாதையாகவே. ஃபூரியர் தன் நூலை வெளியிட்டது 1822. நியூட்டன் விதியை மட்டும் வைத்து, நடுவில் எந்தத் தற்செயலையும் நுழைக்காமல், ஒரு நிஜமான திடப்பொருள் மாதிரிக்கு அந்த விதியைக் கணித முறைப்படி நிறுவியவர் இன்று வரை கிடையாது. 1982-இல் கிப்னிஸ், மார்க்கியோரோ, பிரெசுட்டி மூவரும் ஒரு மாதிரியில் முழுதாக நிறுவினார்கள். ஆனால் அதில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஆற்றலைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டுக்கொள்ளும். "நேர்கோடு வந்த பிறகு வா" என்பது அவர் நினைத்த அளவுக்குச் சின்ன வேலை இல்லை.

சுருள்வில்

சார், நான்காம் அடுக்கில் கட்டிப்போட்டு 64, 128, 256 ஓட்டினேன். ஓரத்தில் சின்னக் குதி இருக்கிறது, நடுவில் நேராக இறங்குகிறது. ஓட்டத்தை நீளத்தால் பெருக்கினால் 128-க்கும் 256-க்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு. மூன்று சங்கிலியையும் மூன்று அத்தியாயமாக வைக்க கைடு சம்மதித்துவிட்டார், மட்டக் கோடுதான் முதல் அத்தியாயம்.

கல் பாலிஷ் அண்ணா, 40 எம்எம் கல் கிடைத்தால் அந்தச் சோதனையைச் செய்து சொல்ல முடியுமா? முன்னுரையில் போட ஆசை.

இன்னும் ஒரே சந்தேகம் சார். எவ்வளவு நேரம் ஓடிய பிறகு சராசரி எடுக்க ஆரம்பிக்க வேண்டும்? இப்போது குத்துமதிப்பாகத்தான் விடுகிறேன்.

கல் பாலிஷ் (பர்கூர் ரோடு)

40 எம்எம் துண்டு கிடக்கிறது. டார்ச்சை இழுக்காமல் நிறுத்திப் பிடித்தால் கல் வெடிக்கும். அதனால் சூட்டுத் தட்டு மேல் வைத்துப் பார்க்கிறேன், இரண்டு கல்லையும் ஒரே தட்டில். ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.

ஓய்வு வாத்தியார்

தட்டுதான் சரி தம்பி. அடியில் மண் இல்லாமல் நன்றாகப் படிந்து உட்கார வேண்டும், காற்றிடைவெளி இருந்தால் கணக்கு கெடும்.

குத்துமதிப்பு வேண்டாம் மா. இடது முனையில் உள்ளே போகும் ஆற்றல், நடு ஸ்பிரிங்கில் ஓடுவது, வலது முனையில் வெளியேறுவது, மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றும் பிழை எல்லைக்குள் ஒன்றாகும் வரை எடுத்ததை எல்லாம் தள்ளிவிடுங்கள். கட்டிப்போட்ட சங்கிலியில் வெப்பம் பரவித்தான் போகிறது என்பதால், நீளத்தை இரட்டித்தால் இந்தக் காத்திருப்பு நான்கு மடங்காகும். அதற்கு முன் அந்த உள் லூப்பைப் பைதானில் இருந்து எடுத்து சி-யில் எழுதிவிடுங்கள், அம்மா தூங்கப் போவதற்குள் 256 முடிந்துவிடும்.